குந்துகாலில் ஒதுங்கியவர்

சேசு மரி சூசை

பாம்பன்,
4.4.1961

அன்புள்ள முருகேசுக்கு,

உன் மிக்கேல் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் உன் வீட்டுக்காரர் ராக்கப்பன் அண்ணனும் உன் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தவக்காலம் முடிந்து பாஸ்காவும் வந்து போய்விட்டது. இனி ஊர் கொஞ்சம் கலகலப்பாக இருக்கும்.

உன்மேல் எனக்குக் கோபம்தான். ராமநாதபுரம் கன்னியர் மடத்து விடுதியில் ஒரே பாயில் படுத்து மூன்று வருஷம் படித்தோம். "கல்யாணம் ஆகட்டும்டி, வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு உன் கடலைப் பாக்க வாரேன்" என்று சொன்னவள் நீ. கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிறது. இன்னும் உன் கால் நனையவில்லை.

யார் யாரோ வருகிறார்கள். ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடிவிட்டுப் போகிற மதுரைக்காரர்கள், காரைக்குடிக்காரர்கள் எல்லாம் இப்போது பாம்பனில் ஒரு பகல் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் ரயில் ஏறுகிறார்கள். மீன் குறைவாக இருக்கிற நாட்களில் என் வீட்டுக்காரர் அவர்களை வள்ளத்தில் ஏற்றிக் குருசடைத் தீவுக்குக் கூட்டிப்போகிறார். அடியில் கண்ணாடி பதித்து ஒரு மரப்பெட்டி செய்திருக்கிறார். அதைத் தண்ணீரில் அமுக்கிக் குனிந்து பார்த்தால் பவளப்பாறை அப்படியே தெரியும். ஒன்று மான்கொம்பு மாதிரி, ஒன்று முட்டைக்கோஸ் மாதிரி, நடுவில் மஞ்சளும் நீலமுமாக மீன்கள். மதுரை வக்கீல் ஒருவர் பெட்டிக்குள் விட்ட தலையை எடுக்கவே இல்லை. பிடரி வெயிலில் வெந்து போய்த்தான் ஊருக்குப் போனார்.

கடலைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கும் இவரிடம் வைத்தியம் உண்டு. தன் கழுத்து உத்தரியத்தைக் கழற்றி அவர்கள் கழுத்தில் போட்டுவிடுவார். மடத்தில் நாங்கள் போட்டிருப்போமே, கயிற்றில் கோத்த இரண்டு பழுப்புத் துணித் துண்டு, மாதா படத்தோடு, அதுதான். "இது கெடக்கிற வரைக்கும் கடல் ஒண்ணும் செய்யாது" என்பார். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்றெல்லாம் கேட்பதில்லை. போன மாதம் ஒரு ஆச்சி அதைக் கழற்ற மறந்து ரயிலடிக்கே போய்விட்டார். இவர் பின்னாலேயே ஓடி வாங்கிவந்தார். பழையது நைந்துவிட்டதென்று இப்போது புதிதாக ஒன்று தைத்துக் கொடுத்திருக்கிறேன், ஓரமெல்லாம் நீல நூல் போட்டு.

வந்தால் நான்கு நாள் இருக்க வேண்டும். கப்பல் போவதற்காகப் பாலம் நடுவில் பிளந்து மேலே தூக்குவதைப் பார்க்க வேண்டும். தனுஷ்கோடிக்கு ரயிலில் போய் மணலில் நடக்க வேண்டும். ஒரு பக்கம் சத்தமே போடாத பெண் கடல், மறு பக்கம் அலறுகிற ஆண் கடல், நடுவில் நாம். கச்சான் காற்று வைகாசிக் கடைசியில் கிளம்பிவிடும். தென்கடல் பொல்லாததாகிவிடும். அதற்கு முன்னால் வந்து சேருங்கள்.

வழி பார்த்திருக்கும்,
மிக்கேலம்மாள்

*

சிவமயம்

முதுகுளத்தூர்,
22.4.1961

அன்பு மிக்கேலுக்கு முருகேஸ்வரி எழுதிக்கொண்டது.

உன் கோபத்தைப் படித்துச் சிரித்தேன். என்னால் இப்போது வர முடியாது. காரணம் கேட்டால் நீயே "வராதே" என்பாய். எனக்கு ஆறு மாதம். நிலைக்கட்டும் என்று இத்தனை நாள் யாருக்கும் எழுதவில்லை. அத்தை என்னைக் குடம் தூக்க விடுவதில்லை. ஆறு வருஷம் கழித்து வந்த பிள்ளை, நடக்கிற இடமெல்லாம் அதட்டல்தான்.

ஆனால் இவர் வருகிறார். அடுத்த அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் மாமாவுக்குத் திதி கொடுக்க வேண்டும். என் தம்பி உக்கிரபாண்டியைத் துணைக்கு அனுப்புகிறேன். மறுநாள் உன் வீட்டில் இறங்கச் சொல்லியிருக்கிறேன். "கடல்ல என்னத்தப் பாக்கப் போறேன், தண்ணிதான" என்கிறார். கரிசலையும் மிளகாய்ச் செடியையும் தவிர வேறெதையும் பார்க்காத மனுஷர். கண்மாய் நிறைந்தாலே கரையில் நின்று கும்பிடுவார், உள்ளே இறங்க மாட்டார். நான்தான் வற்புறுத்தினேன். பார்த்துவந்து எனக்குச் சொல்வதற்காவது போகட்டும். எனக்குக் கடல் அவர் வாயால் வரட்டும்.

அருளானந்தம் அண்ணனிடம் சொல். இவருக்கு இடது காலில் சுண்டுவிரல் கிடையாது, சின்ன வயதில் மண்வெட்டி கொண்டுபோய்விட்டது. பாறையில் ஏறினால் சறுக்கும். மீதி ஒன்பது விரலையும் பத்திரமாகத் திருப்பி அனுப்ப வேண்டியது உங்கள் பொறுப்பு.

வற்றல் கொடுத்து விடுகிறேன். பதிலுக்கு நெத்திலிக் கருவாடு வேண்டும். மசக்கை போயும் நாக்கு அதைத்தான் கேட்கிறது.

உன் சோம்பேறித் தோழி,
முருகேஸ்வரி

*

பாம்பன்,
29.5.1961

முருகேசு,

என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. உக்கிரபாண்டி ஊர் வந்து சேர்ந்ததும் உனக்குத் தெரிந்திருக்கும். அவன் பேச மாட்டேன் என்கிறான் என்று கேள்விப்பட்டேன். அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அண்ணனும் உன் தம்பியும் அமாவாசையன்று சாயங்காலமே இங்கே வந்துவிட்டார்கள். அது ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் கடலில் இறங்க மாட்டோம். திங்கட்கிழமை காலை மூன்று பேரும் கிளம்பினார்கள். அண்ணன் கரையில் நின்று, "இம்புட்டுத் தண்ணியும் உப்பா? எங்க ஊருக்குக் கொஞ்சம் நல்ல தண்ணியாக் குடுத்திருக்கலாமே" என்றார். இவர் சிரித்துக்கொண்டே கை கொடுத்து ஏற்றினார். தீவில் இறங்கிப் பார்த்திருக்கிறார்கள். மதியத்துக்கு மேல் திரும்பும்போது கச்சான் விழுந்தது. இந்த வருஷம் இத்தனை முன்னதாக அது வரும் என்று ஊரில் ஒருவரும் நினைக்கவில்லை. பாய் இறக்குவதற்குள் வள்ளம் கவிழ்ந்துவிட்டது. பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்த உன் தம்பியை இருட்டுவதற்குள் வேறு வள்ளக்காரர்கள் எடுத்துவிட்டார்கள்.

நான்காம் நாள் குந்துகால் கரையில் ஒருவர் ஒதுங்கினார். பெண்களைக் கிட்டே விடவில்லை. முகம் முகமாக இல்லை என்றார்கள். என் கொழுந்தன் சகாயம் கழுத்திலிருந்து உத்தரியத்தை மட்டும் கழற்றிக்கொண்டு வந்து என் கையில் வைத்தான். நீல நூல். நான் தைத்தது. கோயில் கல்லறையில் அடக்கம் செய்தோம்.

அண்ணனைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான் கூப்பிடாமல் இருந்திருந்தால் அவர் வந்திருக்க மாட்டார். பெட்டி, பாலம், பெண் கடல் என்று அளந்த கையை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது. வயிற்றுப் பிள்ளையை நினைத்து ஒரு வாய் சாப்பிடு. அதைக் கேட்கவும் எனக்கு வாயில்லை.

மிக்கேல்

*

முதுகுளத்தூர்,
18.7.1961

மிக்கேலுக்கு,

பெண் பிறந்திருக்கிறாள். அவர் ஜாடை. சுகப்பிரசவம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சுகம் என்ற சொல்லைக் கேட்டாலே எரிகிறது.

உன்னை நான் குறை சொல்லவில்லை. போகச் சொன்னது நான். அவர் மூன்று தடவை மறுத்தார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போகச் செய்தேன். நீ கூப்பிட்டாய், நான் தள்ளிவிட்டேன். இதைப் பற்றி இனி எழுதாதே.

இங்கே இப்போது வேறு சண்டை. கருமாதி செய்ய வேண்டுமாம். பெரிய மாமா வந்து உட்கார்ந்துகொண்டு, "ஒடம்பு கெடைக்கலேன்னா வைக்கோல்ல உருவம் செஞ்சு எரிச்சிரலாம் தாயி, அதுக்கும் மொறை இருக்கு" என்கிறார். வைக்கோலுக்கு நான் பெண்டாட்டியா என்று கேட்டுவிட்டேன். பிள்ளை பெற்ற உடம்பு, பித்தம் என்கிறார்கள். தாலியைக் கழற்ற மாட்டேன். பூவையும் எடுக்க மாட்டேன். உடம்பைக் காட்டட்டும், அப்புறம் பார்க்கலாம்.

உனக்கு வந்துவிட்டார், மிக்கேல். எந்த நிலையில் வந்தாலும் வந்துவிட்டார். விழுந்து அழ உனக்கு ஒரு இடம் இருக்கிறது. நான் அழுதால் அவர் இனி இல்லை என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதனால் அழுவதுமில்லை. பால் சுரக்கிறது, பிள்ளை குடிக்கிறது, அவ்வளவுதான் நான்.

ஒன்று கேட்கிறேன். உள்ளதைச் சொல். நீரோட்டத்தில் இலங்கைப் பக்கம் போய், அங்குள்ள வள்ளக்காரர் யாராவது தூக்கியிருக்கக் கூடாதா? மன்னாரில் எங்கேயாவது நினைவில்லாமல் கிடக்கக் கூடாதா? உக்கிரபாண்டியைக் கேட்டால் சுவரைப் பார்க்கிறான். அவனுக்குப் பேச்சு வந்தால்தான் எனக்கு வழி தெரியும்.

முருகேஸ்வரி

*

பாம்பன்,
9.8.1961

அன்புள்ள முருகேசு,

பிள்ளைக்கு என் முத்தம். தொட்டில் துணி அனுப்பியிருக்கிறேன். வேண்டாமென்றால் யாருக்காவது கொடுத்துவிடு.

தலைமன்னார் கப்பலில் வருகிற போகிற எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அந்தக் கரையில் எடுத்தவர்கள் யாரும் இல்லை என்றுதான் இதுவரை சொல்கிறார்கள். முன்பு ஒரு தடவை எங்கள் ஆள் ஒருவர் மன்னாரில் கரையேறிப் பல நாள் கழித்து வீடு வந்தது உண்மைதான். அவர் நீந்தத் தெரிந்தவர். இதற்கு மேல் என்னிடம் கேட்காதே.

நான் தினமும் சாயங்காலம் கல்லறைக்குப் போகிறேன். நீ சொன்னது சரி. அங்கே போய் உட்கார்ந்தால்தான் எனக்கு மூச்சு வருகிறது. வீட்டில் நடந்ததையெல்லாம் சொல்கிறேன். கண்ணாடிப் பெட்டியைச் சகாயம் கேட்டான், கொடுத்தேன் என்று சொன்னேன். நேற்றைக்கு உன் பிள்ளை பிறந்ததைச் சொன்னேன். மண்ணைத் தடவிக்கொண்டே சொன்னேன். பைத்தியக்காரி என்று நினைக்காதே. அந்த ஆறடி இல்லையென்றால் நான் என்றைக்கோ கடலுக்குள் நடந்திருப்பேன்.

மிக்கேல்

*

சிவமயம்

முதுகுளத்தூர்,
14.10.1961

என் மிக்கேலுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. உக்கிரபாண்டி பேசிவிட்டான்.

நேற்று பிள்ளையை அவன் மடியில் போட்டுவிட்டு வேலையாக இருந்தேன். அவனாகவே ஆரம்பித்தான். கவிழ்வதற்கு முன்னால் வள்ளம் ஆடத் தொடங்கியதும் இவர் நடுங்கிப்போய்ப் பலகையைப் பிடித்துக்கொண்டாராம். உடனே அருளானந்தம் அண்ணன் தன் கழுத்தில் கிடந்ததைக் கழற்றி இவர் கழுத்தில் போட்டு, "இங்கன பாருங்க மச்சான், ஆத்தா உங்க கழுத்தில கெடக்கா, பயப்படாதிய" என்றாராம். இவரும் அதைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாராம். பிறகு தண்ணீர்தான், வேறொன்றும் தெரியாது என்கிறான். சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதான். இப்போது சோறு தின்கிறான்.

மிக்கேல், உன் நீல நூல் அவர் கழுத்தில் இருக்கிறது. அது கிடக்கிற வரைக்கும் கடல் ஒன்றும் செய்யாது என்று நீதானே எழுதினாய். உன் மாதா அவரைக் கைவிட மாட்டாள். எனக்கு இப்போது சந்தேகமே இல்லை, அவர் எங்கேயோ இருக்கிறார். பெரிய மாமாவிடமும் அடித்துச் சொல்லிவிட்டேன், இனி வைக்கோல் பேச்சு எடுத்தால் இந்த வாசல் மிதிக்க வேண்டாம் என்று. தீபாவளிக்கு அவருக்கு வேட்டி எடுத்து மஞ்சள் தடவி வைத்திருக்கிறேன். இத்தனை மாதத்தில் நேற்றுத்தான் தூங்கினேன்.

உன் வீட்டுக்காரர் தன் கழுத்தைக் காலியாக்கி என் வீட்டுக்காரருக்குக் கொடுத்திருக்கிறார். இந்தக் கடனை எந்தப் பிறவியில் தீர்ப்பேன்.

என்றும் உன்,
முருகேஸ்வரி

*

பாம்பன்,
24.10.1961

முருகேசு, என் கண்ணே,

உன் கடிதம் வந்ததிலிருந்து நான் கல்லறைக்குப் போகவில்லை. போகக் கால் வரவில்லை. எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, இதை அனுப்புகிறேன்.

அன்றைக்கே உனக்கு எழுதினேன், குந்துகாலில் ஒதுங்கியவர் கழுத்தில் அந்த உத்தரியம் இருந்தது. அதை வைத்துத்தான் அவரை என் வீட்டுக்காரர் என்றோம். வேறு அடையாளம் எதுவும் இல்லை. பயந்தவர் கழுத்தில் கழற்றிப் போடுவது அவர் பழக்கம் என்று உனக்கே எழுதியவள் நான். அன்றைக்கு அது எனக்குத் தோன்றியதா, தோன்றவில்லையா, இப்போது சத்தியமாகச் சொல்லத் தெரியவில்லை. நீல நூலைப் பார்த்தேன், விழுந்து அழுதேன்.

சகாயத்தைக் கூப்பிட்டு, உடம்பைக் குளிப்பாட்டினாயே, கால் எப்படி இருந்தது என்று கேட்டேன். "எடது கால்ல சுண்டுவெரல் இல்ல மதினி, மீன் கடிச்சிருக்கும்னு நெனச்சேன்" என்றான்.

முருகேசு, நான் இத்தனை நாள் உட்கார்ந்து பேசியது உன் வீட்டுக்காரரிடம்.

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். நீ தூங்கினேன் என்று எழுதியிருந்தாய். ஆனால் நீ வேட்டியை வைத்துக்கொண்டு வருஷா வருஷம் வாசலைப் பார்த்திருப்பாய், நான் அவர் தலைமாட்டில் இருந்துகொண்டே உனக்கு ஆறுதல் எழுத வேண்டும். அது என்னால் முடியாது. பிள்ளைக்குத் தகப்பன் எங்கே கிடக்கிறார் என்று தெரிய வேண்டும். அவர் சும்மா கிடக்கவில்லை. ஊரே கூடி, ஜெபம் சொல்லி, என் கல்யாணச் சேலையைப் போர்த்தித்தான் இறக்கினோம்.

சாமியாரிடம் சொல்லவில்லை. ஞானஸ்நானம் பெறாதவர் என்று தெரிந்தால் மந்திரித்த மண்ணிலிருந்து எடுக்கச் சொல்வாரோ என்று பயமாக இருக்கிறது. நீ வந்து கேட்டால் மட்டும் சொல்கிறேன். எடுத்துப்போக வேண்டுமென்றால் சகாயம் எல்லாம் செய்வான். வா. நான் ரயிலடியில் நிற்கிறேன்.

எனக்கும் அழ இடம் போய்விட்டது, முருகேசு. இவர் எங்கே கிடக்கிறாரோ. இத்தனை கடலில் எந்தப் பக்கம் பார்த்து அழுவேன்.

மிக்கேல்

*

முதுகுளத்தூர்,
30.10.1961

மிக்கேலம்மாளுக்கு,

படித்தேன்.

உனக்கு உன் புருஷன் உயிரோடு வேண்டும். அதற்காக என் புருஷனைக் கொண்டுபோய்க் குழிக்குள் வைக்கிறாய். நான் உன் குழியைக் கேட்டேனா? உன்னுடையது உன்னிடம் இருக்கட்டும், என்னுடையது எனக்கு வரும் என்றுதானே இருந்தேன். அதுகூட உனக்குப் பொறுக்கவில்லை.

மீன் தின்ற காலில் எந்த விரல் இருந்தது, எது இல்லை என்று யார் கண்டார்கள்? உன் கொழுந்தன் நீ கேட்டதற்குத் தலையாட்டியிருப்பான்.

என் தாலி என் கழுத்தில் இருக்கிறது. இனி எனக்கு எழுதாதே. எழுதினாலும் வாங்க மாட்டேன். தொட்டில் துணியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

முருகேஸ்வரி

*

சேசு மரி சூசை

பாம்பன்,
15.5.1962

அன்புள்ள முருகேசு,

நான் எழுதிய இரண்டு கடிதமும் 'வாங்க மறுத்தார்' என்று தபால்காரர் கையெழுத்தோடு திரும்பி வந்தன. இதுவும் வரும். வந்தால் கல்லறைக்குக் கொண்டுபோய் வாசிப்பேன். உனக்கு எழுதுவது அவருக்காவது கேட்கட்டும்.

இன்றோடு ஒரு வருஷம். காலையில் பூசைக்குப் பணம் கொடுக்கப் போனேன், யார் பேருக்கு என்று கோயில்பிள்ளை கேட்டார். இவர் பெயரைத்தான் சொன்னேன். ராக்கப்பன் அண்ணன் பெயரை மனசுக்குள் சேர்த்துக்கொண்டேன். கல்லறைத் திருநாளுக்கும் அப்படித்தான் செய்தேன், மெழுகுதிரி இரண்டு ஏற்றினேன். பக்கத்துக் கல்லறைக்காரிகள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

எனக்கு என் வீட்டுக்காரர் உயிரோடு வேண்டும் என்று எழுதினாயே, அப்படி ஒரு ஆசை வந்தால்கூட நன்றாக இருக்கும். வரவில்லை. நான் இந்தக் கரையில் பிறந்தவள். இவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். வலையில் வருகிற மீனை அரியும்போதெல்லாம் தெரியும். நான் மீன் சாப்பிடுவதை விட்டுவிட்டேன். பாம்பன்காரி மீன் சாப்பிடுவதில்லை என்றால் நீ சிரிப்பாய், முன்பிருந்த முருகேசாக இருந்தால்.

சகாயத்திடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். உங்கள் ஊர்க்காரர்கள் யார் வந்து கேட்டாலும் ஒதுங்கியவர் தன் அண்ணன்தான், கால் இரண்டும் முழுசாக இருந்தன என்றே சொல்ல வேண்டும். மாதா மன்னிக்கட்டும். என்னால் உன் கழுத்தில் தாலி இறங்க வேண்டாம். சிலுவையிலும் இவர் பெயர் அப்படியே இருக்கிறது. நீ காத்திரு, முருகேசு. உனக்கு இனி நான் எந்த உண்மையும் கொண்டுவர மாட்டேன்.

வெளியூர்க்காரர்கள் மறுபடி வர ஆரம்பித்துவிட்டார்கள். சகாயம்தான் இப்போது வள்ளம் ஓட்டுகிறான். வைகாசி பிறந்ததும் தீவுக்குப் போவதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறான். போன வாரம் ஒரு குடும்பம் வந்தது. கடல் காட்டிவிட்டுத் திரும்பும்போது கல்லறைப் பக்கமாக நடந்தார்கள். என்னைப் பார்த்து, "யாரும்மா இது?" என்றார்கள். "என் வீட்டுக்காரர்" என்றேன். சொல்லும்போது இப்போதெல்லாம் நாக்கு தடுமாறுவதில்லை.

உன்னிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. நீ வர வேண்டாம். உன் பெண் பெரியவளாகட்டும். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு, இல்லை வேறு யாரோடாவது, அவளை ஒருநாள் கடல் பார்க்க அனுப்பு. பாலம் திறப்பதைக் காட்டுவேன். தனுஷ்கோடிக்குக் கூட்டிப்போய் இரண்டு கடலையும் காட்டுவேன். கண்ணாடிப் பெட்டியில் குனிந்து பவளம் பார்க்கட்டும். கரையோரமாக, முழங்கால் தண்ணீரில், என் கையைப் பிடித்துக்கொண்டு.

திரும்பும்போது கல்லறையில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போவோம். அவளிடம் நான் எதுவும் சொல்ல மாட்டேன். இது என் வீட்டுக்காரர், கும்பிட்டுக்கோ தாயி என்று மட்டும் சொல்வேன். அவள் தகப்பனை ஒரு தடவை கும்பிட்டுவிட்டு ரயில் ஏறட்டும்.

உன்,
மிக்கேல்